இரண்டு புதுக் கற்கள்

முயல் வேட்டைக்கென்று பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை வாங்கியிருந்தார், வெஸ்ட் ஈலிங்கில் எனக்குப் பக்கத்துத் தெருக்காரர். சிக்கிமுக்கிக் கல் தட்டி வெடிக்கும் வகை. பேசும்போதெல்லாம் சட்டைப்பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து விளிம்பைப் பெருவிரலால் தடவிப் பார்ப்பார். கல் மழுங்கினால் பொறி விழாதாம்.

சுடுவதற்கான அனுமதிப் படிவத்தை நிரப்ப என்னிடம்தான் வந்தார்.

“மனுசி செத்தாப்பிறகு மனச்சோர்வுக்குக் குளிசை எடுத்தனான். எழுதட்டோ அண்ணை?”

“எழுதும். பொய் சொன்னால் குற்றம். உண்மை சொன்னால் தாமதம் மட்டும்தான்.”

அனுமதி மறுக்கப்பட்டது.

“சுடாமல் வீட்டில வைச்சிருக்க ஏலுமோ?”

“ஓம், இந்த நாட்டில் இவ்வளவு பழைய துப்பாக்கியைச் சும்மா அலங்காரப் பொருளாக வைத்திருக்க அனுமதி தேவையில்லை” என்றேன், சட்டம் தெரிந்தவனின் பெருமையோடு.

போன கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மனைவியின் படத்துக்கு மேலே துப்பாக்கி தொங்கியது. இரண்டு குழலுக்கும் புதுக் கல் பூட்டியிருந்தார். சுவரில் தொங்கும் துப்பாக்கியில் கல் மழுங்காது, சுட நினைப்பவருக்குத்தான் புதுக் கல் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.