பிடிபடாத பிள்ளை

தேவிகா டீச்சரின் முழங்கால் கல்லூரியில் கபடி ஆடியபோது திருகிக்கொண்டது. வரிச்சிக்குடியிலிருந்து கடலோரப் பள்ளிக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்கும் ஒவ்வொரு காலையும் அது ‘க்ளக்’ என்று ஆஜர் சொல்லும். வயலோடு மல்லுக்கட்டப் பிடிக்காமல் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட விளையாட்டு டீச்சர். ஒப்பந்த வேலை. மீன் தின்னத் தெரியும். மீன் பிடிக்கிற ஊரைத் தெரியாது.

கோடை விடுமுறை முடிந்ததும் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பிள்ளைகள் செல்போனில் விழுந்து கிடக்கிறார்களாம். விளையாட்டு மூலமாக அவர்களிடையே நட்பை வளர்க்க வேண்டுமாம். அதற்கு டவுனில் ஒரு பயிற்சி. காலையில் கைகோத்து வட்டமாக நின்ற ஆசிரியர்கள், மதியம் சிக்கன் துண்டுக்கு முட்டிமோதிக்கொண்டார்கள். தேவிகா மட்டும் நம்பிக்கையோடு திரும்பினாள்.

ஓடிப்பிடித்து, நொண்டி என்று தொடங்கினாள். முதல் நாளே ஆறாம் வகுப்பு விஷ்ணுப்ரியா கண்ணில் பட்டாள். ஒல்லிப் பிள்ளை, எண்ணெய் வழியும் இரட்டைச் சடை. ஓடிப்பிடித்ததில் ஒருவராலும் அவளைப் பிடிக்க முடியவில்லை. நொண்டியில் மற்றவர்கள் எல்லோரும் அவுட்டான பிறகும் கட்டத்துக்குள் அவள் மட்டும் நின்றாள்.

“சார், இந்தப் பிள்ளைய ஸ்டேட் லெவலுக்குக் கொண்டுபோயிடலாம்” என்றாள் தலைமையாசிரியர் தெட்சிணாமூர்த்தியிடம்.

“கொண்டுபோங்க, வேணாங்கல. போட்டோ மட்டும் மறக்காம எடுத்துருங்க.”

போட்டோ எடுத்தார்கள். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் பரிசு. ஒரு பிள்ளையும் கைதட்டவில்லை. கூச்சமாக இருக்கும் என்று தேவிகா தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கோகோவில்தான் இடித்தது. வரிசையில் குந்தியிருப்பவரின் முதுகைத் தொட்டு ‘கோ’ சொன்னால்தான் அவர் எழுந்து ஓடலாம். விஷ்ணுப்ரியாவுக்கு யாருமே கோ கொடுக்கவில்லை. ஆட்டம் முடியும்வரை, பாயத் தயாரான பூனைபோல அவள் குந்தியே இருந்தாள். பிறகு பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

“அவளுக்கு ஏண்டா கோ குடுக்கல?” என்று கேட்டதற்குப் பிள்ளைகள் தங்கள் கால்விரல்களைப் பார்த்தார்கள். பதில் ஆசிரியர் அறையில் கிடைத்தது, கணக்கு டீச்சர் கமருன்னிசாவிடமிருந்து.

“ஏம்மா, ஒனக்கு நெசமாவே தெரியாதா? அவ அப்பன் மாரிக்கண்ணுவ ஊர விட்டு ஒதுக்கி வச்சிருக்காங்க. ஏதோ போட் என்ஜின் தகராறு. ஊர்ப் பஞ்சாயத்துல பேசாம நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிட்டான். இப்ப அந்தக் குடும்பத்தோட யாரும் பேசக்கூடாது, தொடக்கூடாது. மீறுனா மீறுன குடும்பமும் வெளியதான்.”

“அப்ப ஓடிப்பிடிச்சதுல அவ ஜெயிச்சது…”

“பிடிக்கணும்னா தொடணுமேம்மா! மெடல் கிடல் குடுத்துருவியோன்னு பயந்தேன். நல்லவேள, பாட்டிலோட விட்டே.”

“எங்க ஊர்லயெல்லாம் இப்படிக் கெடையாது டீச்சர்.”

“ஒங்க ஊர்ல வேற மாதிரி இருக்கும். டீ ஆறுது, குடி.”

இப்போதுதான் தேவிகாவுக்கு அந்த ஆட்டம் கண்ணில் ஓடியது. விஷ்ணுப்ரியா யாரையும் விட்டு விலகி ஓடவே இல்லை. துரத்துகிறவர்களின் குறுக்கே ஓடினாள். வேண்டுமென்றே தடுக்கி விழுந்தாள். எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொண்டாள். அவள் தங்களிடம் வர வர மற்றவர்கள்தான் சிதறினார்கள். அத்தனைக்கும் நடுவில் “ஓடு, ஓடு, விடாத!” என்று கத்தியது தேவிகாவின் குரல்.

எல்லோரும் வேண்டாம். ஒரு பிள்ளை அவளைத் தொட்டால் போதும் என்று தோன்றியது. அதே வகுப்புச் செல்லத்தைத் தேர்ந்தெடுத்தாள். போன வருடம் விஷ்ணுப்ரியாவோடு ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுத் தின்றவள் அவள். தீர்ப்புச் சொன்ன பஞ்சாயத்தாரில் ஒருவரான காத்தமுத்துவின் மகளும் அவளே.

அடுத்த வகுப்பில் கண்ணாமூச்சி. துப்பட்டாவால் கண்ணைக் கட்டிவிட்டால் யாரைத் தொட்டோம் என்று யாருக்குத் தெரியும்? குற்றம் துப்பட்டாவின் தலையில் போய்விடும். இதுதான் தேவிகாவின் சாமர்த்தியம். பிடிபட்டவரின் முகத்தைத் தடவி யாரென்று பெயர் சொல்ல வேண்டும் என்பதை அந்தச் சாமர்த்தியம் யோசிக்கவில்லை.

செல்லம் கையை நீட்டிக்கொண்டு வந்தாள். மற்றவர்கள் ஓடினார்கள். விஷ்ணுப்ரியா நின்றாள். செல்லத்தின் கை அவள் தோளில் விழுந்ததும் ஓடியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விரல்கள் சடையைத் தொட்டன, ரிப்பனைத் தொட்டன, மோவாயில் அம்மைத் தழும்பைத் தடவிப் பார்த்தன. ஆளைத் தெரிந்துகொள்ள அவ்வளவு நேரம் தேவையில்லை.

“யாருன்னு சொல்லு செல்லம்.”

கையை எடுக்காமலே செல்லம் சொன்னாள். “தூணு டீச்சர்.”

“தூணா?”

“ஆமா டீச்சர். தூணுதான்.”

விஷ்ணுப்ரியா புரிந்துகொண்டாள். கைகளை உடம்போடு ஒட்டி, சிரிப்பை வாய்க்குள் அடக்கி, விறைத்து நின்றாள். ஒரு பையன் ஓடிவந்து தூணைக் கட்டிக்கொண்டான். “டேய், கிச்சுகிச்சு மூட்டுனா இந்தத் தூணு சிரிக்குதுடா!” அவ்வளவுதான். தூணைப் பிடித்திருக்கிறவர் அவுட் இல்லை என்று அவர்களே சட்டம் போட்டுக்கொண்டார்கள். மொத்த வகுப்பும் தூணில் தொங்கியது. தெட்சிணாமூர்த்தி போட்டோ எடுத்தார்.

மணி அடித்ததும் விஷ்ணுப்ரியா பக்கத்தில் வந்தாள். “டீச்சர், அடுத்த கிளாஸ்லயும் நான் தூணா இருக்கட்டுமா?”

“இரும்மா” என்றாள் தேவிகா. அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை முழங்கால் ஞாபகமே வரவில்லை.

சாயங்காலம் பெற்றோர் வாட்ஸப் குழுவில் தலைமையாசிரியர் அந்தப் போட்டோவைப் போட்டார். ‘நட்பு மலர்ந்தது’ என்று கீழே எழுதி, ரோஜாப்பூ வேறு வைத்தார்.

மறுநாள் மீன் ஏலக் கொட்டகையில் ஊர் கூடியது. அங்கே நடந்ததைக் கமருன்னிசா மீன்காரம்மா வாயிலிருந்து கேட்டுவந்து சொன்னாள். போன் கைமாறிக் கைமாறிப் போயிற்றாம்.

“எம் மவளுக்குக் கண்ணு கட்டியிருக்கு, பாருங்க. தூணுன்னு நெனச்சிருச்சு” என்றாராம் காத்தமுத்து.

“நெனச்சது தப்பில்லப்பா. ஆனா அந்த மைதானத்துல ஏதுய்யா தூணு? மணலும் வேப்பமரமுந்தானே?” என்றாராம் இன்னொருவர்.

கடலுக்குப் போகிற வேலையை ஒத்திவைத்துவிட்டுப் பெரிய மனிதர்கள் இதை விவாதித்தார்கள். தெரியாமல் செய்ததால் இந்த முறை மன்னிப்பு. இனிமேல் கட்டுப்பாடு தூணுக்கும் உண்டு.

அடுத்த விளையாட்டு வகுப்புக்கு விஷ்ணுப்ரியாதான் முதலில் வந்தாள். அதே இடத்தில், கைகளை ஒட்டி, விறைத்து நின்றாள். மற்றவர்கள் வந்து வேப்பமரத்தடியில் ஒதுங்கினார்கள். தேவிகா விசில் ஊதினாள். மறுபடியும் ஊதினாள்.

“டீச்சர், நாங்க நொண்டி ஆடிக்கிறோம்” என்றாள் செல்லம், தரையைப் பார்த்துக்கொண்டு. மணலில் கட்டம் போட்டார்கள், தூணுக்கு எட்டாத தூரத்தில்.

வெயில் ஏறியது. தேவிகா நொண்டியபடியே போய் விஷ்ணுப்ரியாவின் தோளில் கைவைத்தாள். அந்தத் தோள் அசையவில்லை.

“நெழலுக்கு வந்துரும்மா.”

“நீங்க தொட்டா ஒண்ணுமில்ல டீச்சர், நீங்க எங்க ஊரு இல்ல” என்றாள் விஷ்ணுப்ரியா, உதட்டை மட்டும் அசைத்து. “நான் நகந்துட்டா, அப்புறம் செல்லம் வந்து பாக்குறப்ப தூணு இருக்காதே.”

மணி அடிக்கும்வரை அவள் நகரவில்லை. மணி அடித்ததும் பிள்ளைகள் வகுப்புக்கு ஓடினார்கள். மைதானத்தின் குறுக்கே நேராக ஓடினால் சீக்கிரம் போகலாம். எல்லோரும் தூணை விட்டு விலகிச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள், செல்லமும்.