நெற்றியில் இறங்கிய எண்

கொரோகா நகருக்கு அப்பாலுள்ள மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் மயக்கம் கொடுப்பவள் செரவோ. டாக்டர் இல்லை, அதற்கென்றே படித்தவள். இத்தனை வருடமும் குழந்தைகளின் உதட்டு நிறத்தையும் விரலைக் கவ்வி ரத்தத்தின் ஆக்சிஜனைக் காட்டும் விரல்மாட்டியின் எண்ணையும் நம்பியே வேலை பார்த்தவள். மூளையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கருவி அந்த வருடம்தான் வந்தது. நெற்றியில் பட்டையை ஒட்டினால் திரையில் எண் ஓடும். தொட்டதற்கெல்லாம் அலறுகிறது என்று செரவோ அதைச் சலித்துக்கொள்வாள்.

அன்று வந்தவன் ஆறு வாரக் குழந்தை. இரைப்பை குடலோடு சேரும் வாய் தடித்து, குடித்த பாலையெல்லாம் பீய்ச்சியடித்து வற்றிப்போயிருந்தான். சலைன் ஏற்றித் தேற்றிய பிறகே அறுவைக்குக் கொண்டுவந்தார்கள். தாய் யானாமே கதவுவரை வந்தாள்.

"அக்கா, இவன் முழிச்சுக்குவான்ல?"

"நான் பக்கத்துலயே இருப்பேன்."

அதற்குமேல் வாக்குக் கொடுக்கச் செரவோவுக்குத் துணிவில்லை. முன்பு அவள் மயக்கம் கொடுத்த பிள்ளை ஒன்று கைகால் விறைத்தே வளர்ந்தது. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. அதன் தாய் சந்தையில் சர்க்கரைவள்ளி விற்கிறாள்; பார்த்தால் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே செரவோ வீட்டுக்குச் சுற்றுவழியில் போவாள்.

டாக்டர் கெப்பா வயிற்றைத் திறந்த சற்று நேரத்தில் நெற்றி எண் சரியத் தொடங்கியது. எழுபதிலிருந்து அறுபது. விரல்மாட்டியோ நூறிலேயே நின்றது. பட்டை நழுவியிருக்கும் என்று அழுத்திப் பார்த்தாள். நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. ஐம்பத்திரண்டு.

"டாக்டர், கொஞ்சம் நிறுத்துங்க. மூளைக்குப் போறது குறையுது."

"விரல்ல நூறு காட்டுதே?"

"விரல்ல சரிதான். தலைக்குப் பத்தல."

கெப்பா அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

மூச்சுக் கருவி தேவைக்கு மேல் வேகமாக ஊதிக்கொண்டிருந்தது. அப்படி ஊதினால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். வேகத்தைக் குறைத்தாள். ரத்த அழுத்தமும் தாழ்ந்திருந்தது. மயக்க வாயுவைத் தணித்துவிட்டு, சிரிஞ்சில் சலைனைச் செலுத்தினாள். எண் அசையவில்லை. அவள் முதுகெல்லாம் நனைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் செலுத்தினாள். ஐம்பத்து நான்கு என்றது திரை. பிறகு ஐம்பத்தெட்டு. அறுபத்தைந்தைத் தாண்டியதும்தான் அவளுக்குக் குரல் வந்தது.

"இப்ப ஆரம்பிங்க, டாக்டர்."

மயக்கம் தெளிந்ததும் பையன் பசியில் வீறிட்டான். யானாமே அவனை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். செரவோ நடைவழி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள், எழ வெகுநேரமாயிற்று. கவனிக்காமல் விட்டிருந்தால் அந்தச் சரிவு அவனை என்ன செய்திருக்கும், ஒன்றும் செய்யாமலே போயிருக்குமோ, யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதன் பிறகு கருவி அலறினால் அவள் சலித்துக்கொள்வதில்லை.