மாமாவின் இடோ பாஷை

மூளை என்றால் எங்கள் மாமாவின் மூளைதான். இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். அம்மாவின் தம்பி அவர். அரியலூர் ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ் வேலை. ஏலாக்குறிச்சிப் பக்கம் இருந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் கொடுத்த புத்தகத்தை வைத்து, இடோ என்றொரு பாஷையைத் தானே கற்றுக்கொண்டார். எல்லா நாட்டாருக்கும் சுலபமாக இருக்கட்டும் என்று சிலர் கூடி உண்டாக்கிய பாஷையாம்.

அதில் சொல்லின் பின்னால் ஒரு வால் ஒட்டினால் ஆள் வந்துவிடுவான். ஆட்டமே பிழைப்பானவன் தான்சிஸ்தோ. ஆசைக்கு ஆடுகிறவன் தான்செரோ.

"ரொட்டி சுட்டுப் பிழைக்கிறவன ஸ்பெயின்காரன் பனதேரோங்கிறான், இத்தாலிக்காரன் போர்னாயோங்கிறான். பிழைப்புக்கு ஒரு வாலு, ஆசைக்கு ஒரு வாலுன்னு பிரிச்சு வச்சது இடோதான்" என்பார் மாமா.

இதைப் பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் சொன்னதில், மாப்பிள்ளை ஒரு மாதிரி என்று இரண்டு வீட்டில் தட்டிப்போனது. அடுத்து வாலிகண்டபுரம். சிறுபிள்ளையான நானும் கூடப் போனேன். இதுவும் போனால் இனிக் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று பஸ்ஸிலேயே மாமா சொல்லிவிட்டார்.

"இன்னைக்காச்சும் வாலச் சுருட்டி வச்சுக்கடா" என்றாள் அம்மா.

எங்கே? பெண்ணின் அப்பா படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டார். மாமா இடோ, வால் என்று எல்லாவற்றையும் சொன்னார்.

"அத யாருகிட்ட பேசுவீங்க?"

"நம்ம பக்கம் யாருமில்லீங்க."

"தனியாப் பேசுறதுக்கு எங்கூர்ல வேற பேருங்க" என்றார் ஒருவர். கூடம் சிரித்தது. மாமா தலை குனிந்தார். அம்மா எழுந்துவிட்டாள்.

அப்போது அடுப்படி வாசலிலிருந்து அந்தப் பெண்ணே பேசினாள்.

"அப்பா, அவங்கள சாப்ட்டுப் போகச் சொல்லுங்க. நாந்தான் ஆக்குனேன். நான் சமையலிஸ்தோ இல்லீங்க, சமையலெரோதான். முன்னபின்ன இருக்கும்."

சிரித்தவர்கள் அடங்கினார்கள். பேசி முடிக்காத வீட்டில் கை நனைப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. நனைத்தால் சம்மதம் என்று பொருள். பெரியவர்கள் கூடித்தான் அதை முடிவு செய்வார்கள். மாமா யாரையும் கேட்கவில்லை. இலை முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார். "டேய்" என்றாள் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு. பெண்ணின் அப்பா இலையையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு நெய்க் கிண்ணத்தைத் தானே எடுத்து வந்து ஊற்றினார்.

குழம்பில் உப்பே இல்லை. எனக்கு ஒரு வாய்க்குமேல் இறங்கவில்லை. மாமாவோ மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். காலையில் கிளம்பும்போது எங்களோடு எட்டு இட்லி தின்றவருக்கு, அதற்குள் எப்படி அவ்வளவு பசி வந்தது என்றுதான் ஊர் வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.