கொமாகி இருக்கிறாள்

என் தங்கை சிதோசெ ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். பிறந்தபோது அவள் எடை ஒரு கிலோ எழுநூறு கிராம். இரண்டு வாரம் தாங்கினால் பெரிது என்றார் டாக்டர். இருபத்தோரு வருஷம் ஆகிறது. ஐந்தாம் வகுப்பில், தன்னைவிட ஒரு தலை உயரமான பெண்ணோடு காலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு மூன்று கால் ஓட்டத்தில் முதலாவதாக வந்தாள். 'இந்தக் கை இஸ்திரிப் பெட்டியைத் தூக்குமா' என்று சிரித்த லாண்டரி முதலாளிக்கு ஒரு மணி நேரத்தில் முப்பத்தெட்டு சட்டை தேய்த்துக் காட்டினாள். ஃபுசெ ஸ்டேஷனுக்குத் தெற்கே உள்ள மாருகின் கேம் சென்டரில், 'ஏழு வாசல்' சண்டை விளையாட்டில், குப்பை என்று எல்லோரும் ஒதுக்கிய கொமாகி என்ற பாத்திரத்தை வைத்துக்கொண்டு வரிசையாக நாற்பத்தொரு பேரைத் தோற்கடித்தாள். அப்புறம், 'ஏழு வாசல்' இரண்டாம் பாகம் வந்த அன்று அவள் ஜெயித்தது. அதைப் பல பேர் பல விதமாகச் சொல்கிறார்கள். நான் அங்கே இருந்தேன். ஆகவே அதை மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

கொமாகி ஒரு படகுக்காரி. துடுப்புதான் அவள் ஆயுதம். அவள் துடுப்பை ஓங்கி முடிப்பதற்குள் எதிராளி மூன்று அடி கொடுத்துவிட்டுப் போய்விடுவான்.

"உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"இவ அவசரப்பட மாட்டா அண்ணா. எனக்குப் பிடிச்சிருக்கு."

சிதோசெ என்னிடம் பேசுவாள். வெளியே பேச்சு வராது. லாண்டரியில் வாடிக்கையாளர் வந்தால் சீட்டை நீட்டித் தலையை மட்டும் ஆட்டுவாள். அவள் பேசியதெல்லாம் மாருகினில், சில்லறை மாற்றும் மேஜை மேல் நூலில் கட்டிப் போட்டிருக்கும் நோட்டில்தான். வருகிறவர்கள் யாரும் அதில் எழுதலாம். எந்த அடியை எப்படித் தடுப்பது, எந்த மெஷினில் பொத்தான் ஒட்டிக்கொள்கிறது, அடுத்து எந்த விளையாட்டு வருகிறது, எல்லாம் அதில் இருக்கும். ஆளுக்கொரு புனைபெயர். சிதோசெ மட்டும் பெயரே போடமாட்டாள். பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கீழே வெறுமையாக விட்டுவிடுவாள்.

"பேர் போட்டா வந்து பேசுவாங்க" என்றாள்.

அதை எழுதுவது பொறியியல் படிக்கும் பையன் என்று மாருகினில் முடிவு கட்டியிருந்தார்கள். அங்கே மெஷின்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். ஒரு பக்கம் உட்கார்பவரின் ஆள் திரையில் இடது ஓரத்தில் நிற்பான், மறுபக்கம் உட்கார்பவரின் ஆள் வலது ஓரத்தில்; இருக்கைகளுக்கும் இடது, வலது என்று அதனால்தான் பெயர். சண்டை போடுகிற இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. சிதோசெயை அவர்களுக்கு 'லாண்டரி பொண்ணு' என்றுதான் தெரியும். ஊமை என்று நினைத்தவர்களும் உண்டு.

1994 வசந்தத்தில் இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. விளையாட்டைச் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிற அத்தை மகன் இல்லாத ஆளே அந்த வருஷம் ஒசாகாவில் கிடையாது. ஓஷிதா என்ற கல்லூரி மாணவன்தான் மாருகினில் செய்திக்குத் தலைவன். நோட்டில் சிவப்புப் பேனாவில் பதினான்கு வதந்திகளை வரிசையாக எழுதி வைத்தான். உயிர் குறைந்தால் நம் ஆளின் நிழலும் எழுந்து கூடச் சண்டை போடும். மணி அடிக்கும்போது காசு போட்டால் கடைசி வில்லனே நம் கைக்கு வருவான். பதினான்காவது: கொமாகியைத் தூக்கிவிட்டார்கள், அவள் இடத்தில் முகமூடிக்காரன் ஒருவன்.

ஆகஸ்டில் உமேதாவில் ஒரு கேம் சென்டரில் சோதனை ஆட்டம் வைத்தார்கள். முழுதும் முடியாத விளையாட்டை மூன்று நாள் மட்டும் மக்கள் ஆடிப் பார்க்கலாம். போட்டோ எடுக்கக் கூடாது. தோற்றால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். சிதோசெ இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக லீவு எடுத்தாள். முதல் இரண்டு நாள் திரையில் எட்டு வீரர்கள்தான் இருந்தார்கள், கொமாகி இல்லை. வந்தவர்கள் நிழலையும் வில்லனையும் தேடி எல்லாப் பொத்தானையும் அமுக்கித் தோற்றுக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் புயல் எச்சரிக்கை. கூட்டம் கலைந்துவிட்டது. மதியம் நான் குடையோடு போனபோது பன்னிரண்டு பேர் மிச்சம். நாலு மணிக்குக் கம்பெனி ஆட்கள் மெஷினைத் திறந்து ஏதோ மாற்றினார்கள். மறுபடி திரை எரிந்தபோது ஒன்பது முகங்கள் இருந்தன. ஒன்பதாவது கொமாகி.

சிதோசெக்கு அவளை வைத்து மூன்று ஆட்டம் கிடைத்தது. முதல் ஆட்டத்தில் தற்செயலாக நடந்ததுதான் அது. எதிராளியின் கை வந்து விழுகிற கணத்தில் அவள் ஜாய்ஸ்டிக்கை அவன் பக்கம் தள்ளினாள். துடுப்பு சுழன்று அந்தக் கையைத் தட்டிவிட்டது. 'தக்' என்று மரத்தில் மரம் மோதும் சத்தம். மிச்ச இரண்டு ஆட்டத்திலும் அதையே செய்து பார்த்தாள். ரயிலில் வீடு வரும் வரை அவள் இடது கை காற்றில் ஆடிக்கொண்டே வந்தது.

மறுநாள் நோட்டில் எழுதினாள்: 'கொமாகி இருக்கிறாள். நிழல் இல்லை. வில்லன் கைக்கு வரமாட்டான். அடி விழும் கணத்தில் ஜாய்ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால் துடுப்பு அதைத் தட்டிவிடும்.'

கீழே சிவப்பில் பதில் வந்தது: 'முதல் நாள் நானே போனேன். கொமாகி இல்லை. சோதனை ஆட்டத்தைப் பற்றிப் பொய் எழுதுகிறவன் இந்த நோட்டைத் தொடக்கூடாது. மாருகின் வழக்கம் இது. மெஷின் வரும் அன்று பார்ப்போம். பொய்யானால், யாரென்று சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும்.' அதன் கீழே இருபத்துமூன்று புனைபெயர்கள்.

சிதோசெ 'சரி' என்று ஒரே சொல் எழுதினாள்.

"நானும் பார்த்தேனே, வந்து சொல்லட்டுமா?" என்றேன்.

"வேணாம். அண்ணன் சொல்றதை யார் நம்புவா?"

"ஒருவேளை கம்பெனிக்காரன் எடுத்துட்டா? சோதனையில இருக்கறதெல்லாம் கடைசியில இருக்காதுன்னு நீதானே சொன்ன."

"எடுத்துட்டா நான் பொய் சொன்னவதான். நோட்டு போயிடும்." சோற்றுக் கிண்ணத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். ஆறு வாரம் அப்படித்தான் சாப்பிட்டாள்.

மெஷின் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நானும் கூடப் போனேன். பத்து மணிக்குத் திரை எரிந்ததும் கூட்டம் "ஓ!" என்று கத்தியது. கொமாகி இருந்தாள்.

"சரி, ஆள் இருக்கா" என்றான் ஓஷிதா. "ஆள் இருந்தா போதுமா? அந்தத் தட்டிவிடற வித்தை எங்கே?"

இடது பக்க இருக்கையில் உட்கார்ந்து கொமாகியைத் தானே எடுத்தான். எதிர்ப் பக்கம் அவன் நண்பன் ஒருவன் நிதானமாக ஒரே குத்தைத் திரும்பத் திரும்ப விட்டான். ஓஷிதா இடப்பக்கம் தள்ளினான். கொமாகி பின்வாங்கித் துடுப்பை மார்பில் வைத்துத் தடுத்தாள். அவ்வளவுதான். பத்துத் தடவை செய்தான். பத்துத் தடவையும் அதேதான்.

"புளுகு! சுத்தப் புளுகு!" கூட்டம் சிரித்தது. "எழுதின மகராசன் இங்கதான் நிப்பான். வாடா ராஜா வெளியே, மூஞ்சியக் காட்டு!"

"எடுத்துட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

சிதோசெ தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, உமேதாவுல நான் எந்தப் பக்கம் உக்காந்தேன்?"

"வலது. அந்த வரிசைதான் சின்னதா இருந்தது. மூணு நாளும் அங்கதான்னு சொன்னியே."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். நோட்டில் எதை எழுதினாலும் இடது பக்கம் உட்கார்ந்து ஆடுவதாக வைத்துத்தான் எழுத வேண்டும். இது முதல் நாளே கற்கும் பாடம். வலது பக்கம் உட்கார்ந்தவளுக்கு எதிராளி இடப்பக்கம் இருந்தான். கை பழகியதை அவள் அப்படியே எழுதிவிட்டாள். இடது பக்கம் உட்கார்ந்து ஆடுகிற ஓஷிதா வலப்பக்கம் அல்லவா தள்ள வேண்டும்?

சிதோசெ மெஷினின் மறுபக்கம் போனாள். ஓஷிதாவின் நண்பன் எழுந்த இடத்தில் உட்கார்ந்து நூறு யென் காசைப் போட்டாள்.

"யாரோ வம்புக்கு வர்றான்" என்று ஓஷிதா தன் வழக்கமான இரும்புத் துறவியை எடுத்தான். எதிர்ப்பக்கம் கொமாகி நின்றாள்.

அவன் முதல் குத்தை விட்டான். தக். உதை விட்டான். தக். கூட்டத்தின் சிரிப்பு நின்றது. அந்த ரவுண்டில் ஒன்பது தக் எண்ணினேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு துடுப்பின் பின்முனையால் ஒரு சின்ன இடி. அதிலேயே துறவி விழுந்தான்.

இரண்டாவது ரவுண்டில் ஓஷிதா அடிக்கவே பயந்தான். எதை நீட்டினாலும் தட்டிவிடுவாள். நீட்டாமல் நின்றான். கொமாகியும் நின்றாள். திரையில் நேரம் ஓடியது.

"என்னடா, போட்டோவுக்கா நிக்கறீங்க?" என்று கடைக்கார ஹமாகுச்சி அக்கா சில்லறை மேஜையிலிருந்து குரல் கொடுத்தாள்.

அப்போது கொமாகி துடுப்பை ஓங்க ஆரம்பித்தாள். முதல் பாகத்தில் யார் மேலும் விழுந்திராத அந்த மெதுவான பெரிய அடி. ஓஷிதா அடித்து நிறுத்தியிருக்கலாம்; ஆனால் இதுவும் ஏதோ பொறி என்று தயங்கினான். தயங்கிய இடத்திலேயே துடுப்பு இறங்கியது. துறவி திரையின் ஓரம் வரை பறந்துபோய் விழுந்தான். இத்தனை கைத்தட்டலை நான் அந்தக் கடையில் கேட்டதில்லை.

ஓஷிதா எழுந்து மெஷினைச் சுற்றி வந்தான். "நீயா? லாண்டரி பொண்ணா? நோட்டுல எழுதறது நீயா?"

சிதோசெ தலையாட்டினாள். தலையாட்டலோடு விடப்போகிறாள் என்று நினைத்தேன்.

"தப்பு என்னோடது" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "வலதுபக்கம் உக்காந்து ஆடினேன். மாத்தி எழுத மறந்துட்டேன். பொய் சொல்லல."

"பேசுதே!" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"பேசாம? உன்னை மாதிரி சும்மா கத்துவாங்களா?" என்றாள் அக்கா. "ஏண்டா ஓஷிதா, பொறியியல் பையன், பொறியியல் பையன்னு நாலு வருஷம் கும்பிட்டியே!"

ஓஷிதா காது வரை சிவந்து போனான். ஆனாலும் நேர்மையான ஆள். நோட்டை எடுத்து வந்து, தன் பதினான்கு வதந்திகளில் பொய்யானவற்றை அவனே ஒவ்வொன்றாக அடித்தான். பதின்மூன்று அடித்தல். அப்புறம் சிவப்புப் பேனாவை அவளிடம் நீட்டினான்.

"திருத்தம் போடு. ஆனா திருத்தினா பேர் போடணும். அதுவும் மாருகின் வழக்கம்தான். புனைபெயர் செல்லாது."

"பேர் போட்டா நீங்கள்லாம் வந்து பேசுவீங்களே."

"பேசாம விடுவோமா? அந்தக் கடைசி அடியை எப்படி அடிச்சேன்னு நீ சொல்ற வரைக்கும் உன்னை விடமாட்டோம்."

அவள் என்னைப் பார்த்தாள். 'இடப்பக்கம்' என்பதை அடித்து மேலே 'வலப்பக்கம்' என்று எழுதினாள். பிறகு கீழே, பொடி எழுத்தை விட்டு, பெரிதாகவே எழுதினாள்: நிஷிவாகி சிதோசெ, 1994 அக்டோபர் 9.