கண்ணுக்குள் விட்ட நீலம்

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது குச்சி தெறித்து என் வலது கண் எப்போதோ போய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணும் போன ஆடியில் பாலாக வெளுத்துவிட்டது. பகலா இரவா என்பது மட்டும்தான் தெரிந்தது. இனி சாகும்வரை இருட்டுதான் என்று லயத்து வீட்டுக்குள்ளேயே முடங்கினேன்.

நான் இலங்கை மலையகத்தில், தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக்கு மருந்தடித்த முத்தையா. எதையும் லேசில் நம்பாதவன். கண் தெரியாமல் போனதும் யார் குசுகுசுத்தாலும் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும்.

மனைவி செல்லம்மா பதுளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். டொக்டர் கண்ணைச் சோதித்தார்.

"புரை நல்லா முத்திருச்சு ஐயா. ஆப்பரேஷன்ல கண்ணுக்குள்ள கொஞ்சம் நீலச் சாயம் விடுவோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீலம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கொப்புள நோய்க்குத் தேயிலையில் அடிக்கும் நீல மருந்து. அது கண்ணில் தெறித்து நான் துடித்த துடிப்பு எனக்குத்தான் தெரியும்.

"எதுக்குங்க சாயம்? கண்ணு என்ன சீலையா?"

"புரை வெள்ளை. அது மேல போர்த்தியிருக்கிற மெல்லிசான தோலுக்கு நிறமே இல்ல. சாயம் விட்டா தோல் மட்டும் நீலமாத் தெரியும். அதைப் பார்த்துத்தான் வட்டமாக் கிழிக்கணும். தெரியாமக் கிழிச்சா கிழிசல் ஓரத்துக்கு ஓடிரும். கண்ணுக்கு ஆபத்து."

நான் நம்பவில்லை. வெளியே வந்ததும், "இந்த ஆளு நம்மள வச்சுப் பழகிப் பாக்குறாரு" என்றேன்.

"நேத்து பண்ணிக்கிட்டவங்க அங்க உக்காந்து தேத்தண்ணி குடிக்கிறாங்க" என்றாள் செல்லம்மா.

"அவங்களுக்கும் நீலம் விட்டாங்களான்னு கேட்டியா?"

அவள் என் கையைப் பிடித்தாள். நேராகத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கொண்டுபோய் நிறுத்தினாள். நானும் ஒளிக்காமல் சொன்னேன். 'தாயே, அந்த டொக்டரை நான் நம்பவில்லை. உன்னை நம்பலாமா என்றும் தெரியவில்லை. இருப்பது ஒரே கண். காப்பாற்றினால் வெள்ளியில் கண்மலர் சாத்துகிறேன்.'

சந்தேகத்தோடேயே போய்ப் படுத்தேன். ஆப்பரேஷன் மேசையில் முகத்தை மூடி, கண்ணை மட்டும் திறந்து வைத்தார்கள். திடீரென்று வெளிச்சமெல்லாம் நீலமானது. மருந்தேதான் என்று நெஞ்சு அடித்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"தலைய ஆட்டாதீங்க ஐயா, கத்தி உள்ள இருக்கு" என்றார் டொக்டர்.

அம்மா, என் தலையைப் பிடித்துக்கொள் என்று மனசுக்குள் கதறினேன். உடம்பெல்லாம் நடுங்கியது. தலை மட்டும் அசையவில்லை. அது என் பலமில்லை, சத்தியமாக இல்லை. கண் எரியவும் இல்லை. "தோல் நல்லாத் தெரியுது" என்று டொக்டர் பக்கத்தில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். முதலில் தெரிந்தது செல்லம்மாதான். கழுத்தெலும்பு துருத்த, பாதி ஆளாக நின்றாள். அப்போதுதான் விளங்கியது, எனக்குக் கண் தெரியாத காலமெல்லாம் தன் சோற்றையும் என் தட்டிலேயே போட்டிருக்கிறாள். ஊரையே சந்தேகப்பட்ட எனக்கு இது மட்டும் தோன்றவே இல்லை. விம்மி அழுதேன்.

"கண்ணுல தண்ணி வரக்கூடாதாம்" என்று அதட்டினாள்.

கண்மலர் சாத்திவிட்டோம். இப்போது அவள் தட்டில் சோறு விழுவதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் கை வைக்கிறேன். சொந்தங்களே, சந்தேகம் தீரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சந்தேகத்தோடேயே வந்து மாரித்தாயின் முன்னால் நில்லுங்கள். அவள் கோபிக்க மாட்டாள்.