சிப்பி ஓடு போட்ட கறுப்பு பீர்

சின்னவனே, நீ பர்கூர் விடுதியில் இருக்கையில் வீட்டில் நடந்ததை உறவுக்காரர்கள் ஆளுக்கொரு விதமாக உன் காதில் போட்டிருப்பார்கள். நானே எழுதிவிடுகிறேன். உன் அக்காவும் படிக்கட்டும். ஆமாம், நான் பீர் குடித்தேன். மறைக்க அதில் ஒன்றுமில்லை.

நம் சபையின் திருவிருந்துக்குத் திராட்சை ரசம் நம் வீட்டுக் குண்டானில்தான் காயும். பன்னீர் திராட்சையைப் பிசைந்து, கொதிக்கவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி உன் அம்மா பாட்டிலில் அடைப்பாள். ஒருமுறை கரண்ட் போய் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. ஞாயிறு காலை பாஸ்டர் மூடியைத் திறந்ததும் ரசம் நுரைத்துப் பொங்கி, மேசை விரிப்பெல்லாம் ஊதா. நானும் அம்மாவும் தலை நிமிரவில்லை. அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த உன் அக்கா மட்டும், "ஏம்ப்பா பொங்குச்சு? ஏம்ப்பா?" என்று மூக்கண்டப்பள்ளி வீடு வந்து சேரும்வரை நச்சரித்தாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அது நொதித்துப் பொங்கியது என்று அவள் படித்துத் தெரிந்துகொண்டாள். அந்தப் படிப்புக்குப் பெங்களூரில் வேலையும் கிடைத்தது. பீர் காய்ச்சும் வேலை.

விஷயம் சபைக்குத் தெரிந்ததும் ஆராதனை முடிந்து, நானும் உறுப்பினனாக இருந்த கமிட்டியில் என்னை நிறுத்திவைத்தார்கள். பொருளாளர் தெற்கத்திக்காரர். ஓசூருக்கு வேலைக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் அவர் பேச்சு மாறவில்லை.

"பிரதர், மக அங்கன சாராயம் காய்ச்சுதா. அப்பன் இங்கன திருவிருந்துக்கு ரசம் காய்ச்சுதீரு. நல்லாவா இருக்கு? ஒண்ணு, அவள வேலைய விடச் சொல்லும். இல்லன்னா ரசத்த நாங்க வேற வீட்டுல பாத்துக்கிடுதோம்."

"சாராயம் இல்லீங்க, பீரு."

"ரெண்டும் நரகத்துக்குப் போற பஸ்ஸுதான்வே. இது ஏசி பஸ்ஸு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அவள் என்ன செய்கிறாள் என்று நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லையே. அடுத்த லீவு நாளில் அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூர் பஸ் ஏறிவிட்டேன்.

அங்கேயே பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றித் தரும் கடை அது, இன்னும் திறக்கவில்லை. உன் அக்கா முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, ஆள் உயர எவர்சில்வர் அண்டா பக்கத்தில் நின்றாள். கையில் வலைப்பை. உள்ளே கழுவிய சிப்பி ஓடுகள், மங்களூர்ப் பக்கக் கடலிலிருந்து வந்தவை.

"இதையா போடுவ?"

"கூடவே கொதிக்கும்ப்பா. ஓட்டுல இருக்கிறது சுண்ணாம்புதானே. கசப்பு நாக்கக் கீறாம அடக்கும்."

எங்கள் பவுண்டரியில் இரும்பு உருகும்போது சுண்ணாம்புக்கல் போடுவோம், கசடு பிரிய. அதனால் எனக்கு அது விநோதமாகப் படவில்லை.

முன்பே காய்ச்சித் தயாராக இருந்ததில் ஒரு கிளாஸ் பிடித்து வைத்தாள். டிகாக்‌ஷன் போலக் கறுப்பு. மேலே பழுப்பு நுரை.

"நீங்க குடிக்கணும்னு இல்லப்பா. கமிட்டில இருக்கீங்க. மோந்து பாத்தாப் போதும்."

கூட வேலை செய்யும் பையன் கன்னடத்தில், "ஸ்வல்ப குடிரி அப்பாஜி, மகளு மாடித்து," என்றான். கொஞ்சம் குடியுங்கள், மகள் செய்ததாயிற்றே என்கிறான்.

கமிட்டியில் இருப்பவன் குடிக்கக் கூடாது என்பது சபை விதி. தெரிந்துதான் எடுத்தேன். முதலில் கருக வறுத்த கேழ்வரகு வாசனை. பிறகு அடிப்பிடித்த காப்பி. முழுங்கியபின் வாயோரத்தில் லேசாக ஒரு உப்பு. இன்னொரு வாயும் குடித்தேன்.

"எப்படிப்பா இருக்கு?"

"கசக்குது. எனக்குப் பிடிக்கல."

அவள் முகம் சுருங்கியது.

"ஆனா நல்லா பண்ணியிருக்க."

"பிடிக்கலன்றீங்க, நல்லாருக்குன்றீங்க!"

"நான் வார்க்கிற பம்பு மூடிய நீ வீட்ல வச்சுக் கொஞ்சப் போறியா? பாத்தா நல்ல வார்ப்புன்னு தெரியுதில்ல, அதுமாதிரி."

பூட்ஸோடு அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேலைய விடச் சொல்லத்தான் வந்தீங்கன்னு நெனச்சேன்ப்பா," என்றாள்.

அடுத்த ஞாயிறு நானே கமிட்டியில் எழுந்து சொன்னேன்: "போய்ப் பாத்தேன். குடிச்சும் பாத்தேன். அவ வேலைய விடமாட்டா. நானும் விடச் சொல்லமாட்டேன்."

பொருளாளர் பாஸ்டரைப் பார்த்தார், பாஸ்டர் மின்விசிறியைப் பார்த்தார். என் பெயரைக் கமிட்டியிலிருந்து எடுத்தார்கள். ரசமும் போயிற்று. குண்டான் சபைக்குப் பழகிவிட்டது, அதையாவது கொடுங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். உன் அம்மா வாசலை மறித்து நின்று, "எங்க ரசம் ஆகாதாம், குண்டான் மட்டும் ஆகுமா? அது எங்கம்மா வீட்டு சீரு," என்றாள்.

இப்போது திருவிருந்துக்குக் கடைப் பாட்டில் வருகிறது. பாகு மாதிரி தித்திப்பு. ஆனாலும் நானும் உன் அம்மாவும் போய் முழங்காலிட்டு வாங்கிக்கொள்கிறோம். கமிட்டி அவர்களுடையது. அந்தத் திருவிருந்து மேசை அவர்களுடையதில்லை.

கிறிஸ்துமஸுக்கு அந்தக் குண்டானில் பிரியாணி. அக்கா லீவு சொல்லிவிட்டாள். நீயும் முதல்நாளே வந்துவிடு. சபையில் முன் பெஞ்சில், நாலு பேரும் சேர்ந்து உட்காருவோம்.