சிங்கிள் காலத்தில் அடங்கிய போர்

மாலை நாலே கால் மணி. மாடிப்படியில் முதலில் தெரிந்தது ஒரு வெள்ளைக் கோட்டு. பிரேசர் டவுன் பல் டாக்டர், பேஷண்டை நாற்காலியில் காக்க வைத்துவிட்டு வந்திருந்தார். கையில் அன்றைய எங்கள் பத்திரிகை.

1948 டிசம்பர். பெங்களூர் கன்டோன்மென்ட்டில் ஒரு தமிழ் நாளிதழில் நான் உதவி ஆசிரியர். இனப்படுகொலையைக் குற்றமாக்கும் உடன்படிக்கையை ஐ.நா. சபை ஏற்றிருந்தது. செய்தி ஆசிரியர் அதற்கு ‘போர்ப் படுகொலைக்குத் தடை’ என்று தலைப்பு வைத்தார். சிங்கிள் காலத்தில், அதாவது ஒரே பத்தி அகலத்தில், அது அடங்கியது.

“என்ன டாக்டர், பல்லுக்கு நான்தானே உங்ககிட்ட வரணும்?” என்றார் செய்தி ஆசிரியர்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர். இங்கு வந்து கற்ற தமிழில் பேசினார்.

“கம்பவுண்டர் படிச்சுக் காட்டினான். போர்னு போட்டிருக்கு. என் அம்மா, தங்கச்சி போர்ல சாகல. மாத்திப் போடுங்க.”

“எல்லாம் அந்த யுத்தத்துலதானே? செத்தவங்க செத்தவங்கதான்.”

“இல்ல.”

செய்தி ஆசிரியர் எழுந்துவிட்டார். “என் பையன் பர்மா சண்டையில செத்தான். அவன் சாவு உங்களுக்குச் சின்னதா?”

அடுத்த நாள் பக்கம் கேட்டு வந்த அச்சுக்கூட ஃபோர்மன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“சின்னது இல்ல சார்,” என்றார் டாக்டர். “உங்க பையன் கையத் தூக்கியிருந்தா?”

“சட்டப்படி கைதியா வச்சிருக்கணும்.”

“கைதியக் கொன்னா?”

“அது போர்க்குற்றம்.”

“என் அம்மா யார்கிட்ட கையத் தூக்கணும்? கொன்னவங்களுக்கு எங்க ஊர் வேணாம், நாங்க தோத்தாலும் போதாது. எங்க ஜனமே இருக்கக் கூடாது. சண்டை இல்லாதப்போ செஞ்சாலும் அதே குத்தம். உங்க தந்தியில அது வரலயா?”

கொக்கியில் குத்தியிருந்த தந்தித் தாளை எடுத்துக் கொடுத்தேன். ‘சமாதான காலத்திலோ போர்க் காலத்திலோ’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. ஓர் இனத்தை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் என்று அடுத்த வரி. இரண்டிலும் நீலப் பென்சில் கோடு. இடம் போதவில்லை என்று நான் அடித்தது.

செய்தி ஆசிரியர் இரண்டு முறை படித்தார். “ஃபோர்மன், நாளைய முதல் பக்கத்தை நிறுத்துங்க,” என்றார்.

கிளம்பும்போது டாக்டர் செய்தி ஆசிரியருடைய மகனின் பெயரைக் கேட்டார். அவர் சொன்னார்.

அதன் பிறகு எத்தனையோ படுகொலைச் செய்திகளை எடிட் செய்தேன். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை வைத்து ‘இனப்படுகொலை’ என்ற சொல்லைப் போட்டதில்லை. எதற்காகக் கொன்றார்கள் என்ற வரியைத் தேடிய பிறகே தலைப்பு வைத்தேன்.

டாக்டர் வந்து போன மறுநாள், திருத்தம் டபுள் காலத்தில் வந்தது.